தளத்தின் அடியில் ஒரு பூ

அத்தியாயம் 11

அன்று பனி பெய்ததா என்பதில் எனக்கு இப்போது உறுதி இல்லை. பெய்தது என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது என்னிடம் வேலை பார்த்த சிர்க்கா இல்லை என்கிறாள். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்ததாம், வெயிலில் கண் கூசியதாம், நான்தான் வழக்கம்போல மனசுக்குள் இருந்த மேகத்தை வெளியே கொண்டுபோய் ஒட்டிவிட்டேனாம். இருக்கலாம். பேச்சுகளைக்கூட நான் எழுதும் இதே வரிசையில்தான் பேசினார்களா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் கான்கிரீட் உருளையின் அடிப்பக்கம் மறக்கவில்லை. கண்ணை மூடினால் இப்போதும் அதை விரலால் தடவ முடிகிறது.

மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை கெமியார்வி நீதிமன்றத்தில் தௌனோவின் வழக்கு. தௌனோ, ஹல்லவாரா ஊரின் கட்டட மேஸ்திரி. அவர் போட்டுக்கொடுத்த வீட்டுத் தளம் முதல் குளிர்காலத்திலேயே பாளம் பாளமாக வெடித்துவிட்டது. வீட்டுக்காரன் ரேய்னோ வழக்குப் போட்டிருந்தான். தோற்றால் தௌனோவின் உரிமம் போய்விடும். இனி ஒரு கோழிக்கூண்டுக்குக்கூட அவர் அடித்தளம் போட முடியாது. அதற்கு முன்பே மனிதர் பாதி போயிருந்தார். கிறிஸ்துமஸிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர், எழுந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்களை அமர்த்தியவள் அவர் மனைவி எல்மா. ரோவனியெமியில் என் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"என் புருஷன் தப்பு பண்ணல, கோர்பி சார். ரேய்னோதான் ஏதோ பண்ணியிருக்கான். அதக் கண்டுபிடிச்சு அவன் கழுத்துலயே கட்டுங்க."

அப்படிச் சொன்னபோது அவள் கைகள் மடியில் அசையாமல் இருந்தன. கோபப்படுகிறவர்களின் கை அசையும். நான் அதைக் கவனித்தேன். கவனித்ததோடு விட்டுவிட்டேன்.

ரேய்னோவின் வீடு ஏரியைப் பார்த்து நின்றது. புது மரம், சிவப்புச் சாயம், பெரிய ஜன்னல்கள். கதவைத் தள்ளினேன். நிலையில் சிக்கி நின்றது.

"கையால தள்ளாதீங்க, தோளால முட்டுங்க!" உள்ளேயிருந்து குரல் வந்தது.

சிர்க்கா முட்டினாள். கதவு திடீரென்று விட்டுக்கொடுக்க, அவள் நடைக்குள் போய்க் காலணிகளின் மேல் விழுந்தாள்.

"வரவேற்பு பலமா இருக்கு பாஸ்," என்றாள் படுத்தபடியே. "இந்த வீட்டுக்குத் திருடன் வந்தா அவனே போலீசக் கூப்பிடுவான்."

சிர்க்கா என்னிடம் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நான் பேசாமல் இருக்கும் நேரத்தையெல்லாம் அவள் பேசி நிரப்பினாள். எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சராசரி எடுத்தால் சாதாரண மனிதர்கள் அளவுதான் வரும்.

ரேய்னோ கம்பளிக் காலுறையோடு வந்தான். பெரிய உடம்பு. கூடத்தின் நடுவே குறுக்காக ஓடிய வெடிப்பை, வீட்டுக்கு வந்த வேண்டாத விருந்தாளியைக் காட்டுவதுபோலக் காட்டினான். சிர்க்கா மேஜையிலிருந்த காபிக் கரண்டியை எடுத்து வெடிப்பில் செருகினாள். கரண்டி நேராக நின்றது.

"கரண்டி ஸ்டாண்டு," என்றாள். "கடையில கெடைக்காது."

"சிரிம்மா, சிரி. ஒன் வீடா இருந்தா தெரியும்," என்றான் ரேய்னோ. "தளத்துக்குள்ள அஞ்சு மில்லி கம்பி வலை போதும்னேன். சாதா வீடு, மேல லாரியா ஓடப்போவுது? அதுக்கு அந்த ஆளு ஒரு பிரசங்கம். இந்த மண்ணு ஒறையும்போது வீங்குமாம், அஞ்சு மில்லி தாங்காதாம். எட்டு மில்லி போடணும், ஓரம் பூரா தனியா தடிக்கம்பி ஓட்டணும், கலவையில இரும்பு இழை சேத்தா இன்னும் நல்லதுன்னான். நான் கேட்டேன், வீடு யாருது? என்னுது. அஞ்சு போடுன்னேன். ஊர்க்காரங்க அத்தன பேரும் நின்னு கேட்டாங்க."

"போட்டாரா?" என்றேன்.

"எங்க போட்டான்! கோர்ட்டு ஆளு துளை போட்டு எடுத்துப் பாத்தா உள்ள எட்டு மில்லி. என்ன ஏமாத்திட்டான்."

"நீங்க கேட்டதவிட நல்ல சரக்கக் குடுத்து ஏமாத்திட்டாரு," என்றாள் சிர்க்கா. "பயங்கரமான ஆளுதான்."

"நல்ல சரக்கு எங்க இருக்கு? அடியில! குளிருக்குப் போட்ட தெர்மாகோல் மேல படுத்துக் கெடக்குது. வலை தளத்துக்கு நடுவுல நிக்கணுமா இல்லையா? அதுக்குத்தான அடியில கவர் பிளாக் வெக்கறது? இவன் வெக்கல. கேட்டா, சாண் சாணா வெச்சேன், என் கையால வெச்சேன்னு சத்தியம் பண்ணினான். வெச்சது எங்க? எந்திரிச்சு நடந்து போச்சா?"

வழக்கின் முடிச்சு அதுதான். கம்பி வலையைத் தூக்கிப் பிடிக்கும் அந்தச் சின்னக் கான்கிரீட் கட்டைகள் தளத்துக்குள் எங்கேயும் இல்லை. முட்டு இல்லாத வலை அடியில் போய்ப் படுத்துவிட்டது. படுத்த கம்பி தடியாக இருந்தால் என்ன, ஒல்லியாக இருந்தால் என்ன? மேலே வெடிப்பு விழும்போது அதைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை.

"அஞ்சு மில்லியே உள்ள இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

ரேய்னோ சிரித்தான். "அப்போ பழி என் தலையில. கஞ்சன் ஒல்லிக் கம்பி கேட்டான், வேணும் அவனுக்குன்னு நீதிபதியே சொல்லியிருப்பாரு. நல்லவேள, அந்த ஆளோட மேதாவித்தனம் என்னக் காப்பாத்திருச்சு."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காத சிரிப்பெல்லாம் குற்றவாளியின் சிரிப்பு இல்லை என்பதைப் பல வருட அனுபவத்தில் கற்றிருந்தேன். தன் வீட்டைத் தானே வெடிக்க வைத்தவனாக அவன் தெரியவில்லை. குளிர் உள்ளே வரும் ஜன்னல் இடுக்குகளில் அவன் பழைய துணியைச் செருகி வைத்திருந்தான்.

"மத்த அறையெல்லாம் பாக்கலாமா?"

படுக்கையறை, சமையலறை, குழந்தைகளுக்கென்று கட்டிப் பூட்டியே கிடந்த அறை, எல்லாவற்றிலும் வெடிப்பு. கடைசியாகச் சௌனாவுக்குள், நீராவிக் குளியல் அறைக்குள், நுழைந்தோம். குனிந்து தரையைத் தடவிப் பார்த்தேன். மயிரிழைக் கோடுகூட இல்லை. நீர் வடியும் துளையை நோக்கிச் சரிந்த அந்தத் தரை ஒரு தட்டைப் போல முழுசாக இருந்தது.

"இது ஒண்ணுதான் பொழச்சுது," என்றான் ரேய்னோ.

நான் அங்கேயே மணையில் உட்கார்ந்துவிட்டேன். ரேய்னோ சிர்க்காவைப் பார்த்தான். "பழகிக்கோங்க," என்றாள் அவள். "இப்படித்தான் ஒக்காருவாரு. நாம போய்க் காபி குடிச்சிட்டு வந்தாலும் இதே எடத்துல இருப்பாரு."

அலட்சியக்காரன் எல்லா இடத்திலும் அலட்சியமாகத்தான் இருப்பான். ஒரே நாளில், ஒரே கலவையில், ஒரே ஆட்கள் போட்ட தளம். மற்ற எல்லா அறைகளிலும் கட்டை வைக்க மறந்த கை இங்கே மட்டும் ஏன் மறக்கவில்லை? இது மறதி இல்லை. யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வீட்டை அழிக்கத் துணிந்த ஒருவருக்குச் சௌனாவைத் தொட மனம் வரவில்லை.

வெளியே வரும்போது சிர்க்காவின் கட்டைவிரல் எதிலோ இடித்தது. கதவுக்கு முட்டாக வைத்திருந்த ஒரு கான்கிரீட் உருளை.

"ஐயோ! இது என்ன சார், கால ஒடைக்கறதுக்குன்னே வெச்சிருக்கீங்களா?"

"துளை போட்டு எடுத்ததுதான். ஒண்ணு கோர்ட்டுல இருக்கு, இது எனக்குக் குடுத்தாங்க. கதவு நிக்கமாட்டேங்குதுல்ல."

வலித்த காலைப் பிடித்துக்கொண்டே அவள் அதைத் தலைகீழாகப் புரட்டினாள். பிறகு காலை மறந்துவிட்டாள்.

"பாஸ், இங்க பாருங்க."

உருளையின் அடிமுகத்தில், துருப்பிடித்த கம்பிக்குப் பக்கத்தில், ஆழமில்லாத ஒரு பள்ளம். முக்கால் வட்டம், மீதியைத் துளைக் கருவி வெட்டிவிட்டிருந்தது. அதன் விளிம்பு நேராக இல்லை. சுற்றிலும் சீராக, ஒன்றுபோல மடிப்புகள். ஒரு பூவை ஈரக் கலவையில் அழுத்தி எடுத்த மாதிரி இருந்தது.

"காத்துக் குமிழி," என்றான் ரேய்னோ.

"குமிழி இப்படிக் கொசுவம் வெச்சுப் பாவாட கட்டிக்கிட்டா சார் வரும்?"

வந்தவர்கள் எல்லோரும் கம்பி எத்தனை ஆழத்தில் கிடக்கிறது என்று மேலிருந்தே அளந்திருக்கிறார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. உருளையை இரவல் கேட்டேன். திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும், கதவுக்கு வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான் ரேய்னோ.

லாடா காரைச் சிர்க்கா கிளப்பினாள். "எங்க பாஸ்? எல்மா அக்கா வீட்டுக்கா?"

"கல்லறைக்கு."

"ஒங்களுக்கு வேற எடமே தெரியாதா?"

ஒரு ஊரில் யாருக்கு யார் மேல் ஆறாத கோபம் என்று தெரியவேண்டுமானால் நான் உயிரோடு இருப்பவர்களிடம் முதலில் போவதில்லை. கல்லில் வெட்டிய வயதுகளைப் பார்ப்பேன். அகாலத்தில் போனவர்கள்தான் பகையை விட்டுவிட்டுப் போகிறவர்கள்.

தேவாலயத்துக்குப் பின்னால் ஆத்தோ பனி தள்ளிக்கொண்டிருந்தார். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். தளம் போட்ட அன்று உதவிக்குப் போன ஊர்க்காரர்களில் ஒருவர். எங்களைக் கண்டதும் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டார். நான் பேசாமல் நின்றேன். அவரும் பேசாமல் நின்றார். நல்ல மனிதர் என்று தோன்றியது.

"ரெண்டு பேரும் இப்படியே நின்னா எனக்கு மூக்கு விழுந்துரும்," என்றாள் சிர்க்கா. "ஆத்தோ மாமா, தளம் போட்ட அன்னிக்கு என்ன நடந்துதுன்னு சொல்லுங்களேன்."

"என்ன நடந்துது? சனிக்கெழம வலை கட்டி முடிச்சோம். தார்ப்பாய் போட்டு மூடினோம். எல்லாரும் எங்க வீட்டு சௌனாவுக்குப் போனோம். ஞாயித்துக்கெழம யாரு வேல பாக்கறா? திங்கக்கெழம காலைல லாரி வந்துது, கொட்டினோம், தள்ளினோம், தொத்திறைச்சி சுட்டுத் தின்னோம், அவ்வளவுதான்."

"தார்ப்பாயை எடுத்தப்ப வலை எப்படி இருந்தது?" என்றேன்.

"நல்லாத்தான் நின்னுது. வெள்ளையா, ஒரே ஒறபனி. அன்னிக்கு மைனஸ் மூணு." அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "தௌனோ சூட்டுக்காத்து மெஷினத் தூக்கிட்டு வந்தான். மொதல்ல ஊதி ஒறபனிய எறக்கிட்டுத்தான் கொட்டணும்னான். நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். மைனஸ் மூணெல்லாம் ஒரு குளிரா? அடுத்து கம்பிக்குக் கம்பளி சாக்ஸ் மாட்டுவியான்னு கேட்டேன். மனுஷனுக்கு வெக்கமாப் போச்சு. மெஷின ஓரமா வெச்சுட்டான்."

"கலவை?"

"சுடுதண்ணில கலந்து அனுப்பியிருந்தாங்க. ஆவி பறந்துது."

நான் திரும்பிக் கல்வரிசைகளுக்கு நடுவே நடந்தேன். நின்றதாக, உறைபனி மூடியதாக, எல்லோரும் பார்த்த வலை. அதன்மேல் ஆவி பறக்கும் கலவை. பிறகு அது நிற்கவில்லை. ஏதோ ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பெயர் மட்டும் வரவில்லை.

மூன்றாவது வரிசையில் ஒரு சிறிய கல். *ஒன்னி. 1951–1977.* அதன் காலடியில் ஒரு விளக்குக் கூடு. மற்ற கல்லறைகளில் பனி உருண்டைகளை அடுக்கி நடுவே மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். இங்கே அடுக்கியிருந்தது பனிக்கட்டி. உள்ளங்கை அளவுத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஓரம் முழுக்க மடிப்பு மடிப்பாக. கொசுவம் வைத்த பாவாடை.

"சிர்க்கா."

என் குரலில் என்ன இருந்ததோ, அவள் ஓடிவந்தாள். பார்த்தாள். கூட்டின் மேல் துண்டை எடுத்தாள்.

"ஏ பொண்ணு!" ஆத்தோ அங்கிருந்து கத்தினார். "செத்தவன் விளக்குல கை வெக்கறியே, வெக்கமா இல்ல?"

"இருக்கு மாமா, ரொம்ப இருக்கு," என்றபடி காரிலிருந்து உருளையை எடுத்துவந்து, தலைகீழாக மடியில் வைத்து, பனிக்கட்டியைப் பள்ளத்தில் வைத்தாள். வெட்டுப்பட்ட பக்கம் மட்டும் வெளியே துருத்தி நின்றது. மற்ற மடிப்பெல்லாம் மடிப்பில் போய் உட்கார்ந்தது.

மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கட்டைகள் நடந்து போகவில்லை. யாரோ அவற்றை எடுத்துவிட்டு, அந்த இடங்களில் பனிக்கட்டியை வைத்திருக்கிறார்கள். குளிர் இரவு அதைக் காத்தது. உறைபனி அதை மறைத்தது. சூடான கலவை விழுந்ததும் கட்டி இளக, மேலே மிதித்து நடந்த இருபது கால்களும் வலையைக் கீழே இறக்கிவிட்டன. வலையிலிருந்து நழுவிய ஏதோ ஒரு கட்டி மட்டும் கலவை இறுகும்வரை தாங்கி, தன் அச்சை விட்டுவிட்டுக் கரைந்திருக்கிறது. சாம்பல் சேற்றுக்குள் நடந்ததை யார் பார்க்க முடியும்? தௌனோ அந்த மெஷினை ஓட விட்டிருந்தால் கலவை விழும் முன்பே குட்டு உடைந்திருக்கும். ஊர்ச் சிரிப்பு அதை நிறுத்தியது.

"இந்த ஒன்னி யாரு மாமா?" சிர்க்கா மெதுவாகக் கேட்டாள்.

ஆத்தோ அருகே வந்து கல்லின் மேலிருந்த பனியைக் கையால் தட்டினார்.

"எல்மாவோட தம்பி. ரேய்னோகிட்ட மரம் இழுக்கற வேலையில இருந்தான். ஏப்ரல் மாசம், ஏரி மேல ஐஸ் எளகிக் கறுத்துக்கெடக்குது. சுத்திப் போனா ஒரு நாள் ஆவும், குறுக்கால ஓட்டுன்னு ரேய்னோ டிராக்டரோட அனுப்பினான். ஐஸ் ஒடஞ்சு உள்ள போயிட்டான். விசாரணையில, பையன் குடிச்சிருந்தான், நான் போகாதன்னேன்னு ரேய்னோ சொன்னான்."

"குடிச்சிருந்தானா?"

"ஒன்னி பீர்கூடத் தொடமாட்டான். எல்லாருக்கும் தெரியும்."

"ஏன் யாரும் சொல்லல?"

"ஊர்ல டிராக்டர் ரேய்னோகிட்டதான் இருந்துது, எங்களுக்கு வேலையும் அவன்கிட்டதான்," என்றார் ஆத்தோ. மண்வெட்டியைப் பனியில் குத்தினார். "அப்புறம் அவங்க அம்மா அந்த எடத்த வித்துட்டு டவுனுக்குப் போயிட்டா. வாங்கினது யாருன்னு நெனக்கறீங்க? பழைய வீட்ட இடிச்சான், சௌனாவ இடிச்சான். அந்த எடத்துலதான் இப்ப இருக்கற வீடு. அதே எடத்துல சௌனா."

திரும்பி வரும் வழியில் சிர்க்கா காரை ஓட்டினாள். பனிக்கட்டியை அவளுடைய சாப்பாட்டு டப்பாவில் பனியைத் திணித்து வைத்து மடியில் பிடித்திருந்தேன். ரொம்ப தூரம் போன பிறகுதான் கேட்டாள்.

"நமக்கு வேல குடுத்தவளே பண்ணியிருந்தா என்ன பாஸ் செய்யறது?"

"தெரியல."

"நல்லது. நீங்க எப்பவும் தெரியும்னு மூஞ்சிய வெச்சிருப்பீங்க. அதுக்கு இது பரவாயில்ல."

எல்மா ஏலக்காய் ரொட்டி சுட்டு வைத்திருந்தாள். சமையலறை வெப்பமாக இருந்தது. படுக்கையறைக் கதவு மூடியிருந்தது. அதற்குப் பின்னால் தௌனோ. நான் உருளையைச் செய்தித்தாளின் மேல் தலைகீழாக நிறுத்தினேன். எல்மா அதைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"ரேய்னோதானே?"

சிர்க்கா டப்பாவைத் திறந்து பனிக்கட்டியை எடுத்து உருளைக்குப் பக்கத்தில் வைத்தாள். "தம்பி கல்லறையிலேர்ந்து எடுத்தேங்க்கா. மன்னிச்சுக்குங்க."

எல்மா இரண்டையும் பார்த்தாள். பிறகு எங்கள் கோப்பைகளில் காபி ஊற்றினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. உட்கார்ந்தாள். பனிக்கட்டியின் மடிப்புகள் ஒவ்வொன்றாக மழுங்கி, செய்தித்தாளில் ஈரம் பரவி, எழுத்துகள் கறுத்துப் பெருத்தன.

"தண்ணி எந்தத் தடயமும் வெக்காதுன்னு நெனச்சேன்," என்றாள் எல்மா கடைசியில்.

"ஞாயித்துக்கெழமையா?" என்றேன்.

"சாயங்காலம். தௌனோ பேப்பர மூஞ்சில போட்டுட்டுத் தூங்கிட்டான். தேவாலயத்து விருந்துக்குப் பலகாரம் சுடற அச்சு என்கிட்ட நெறைய இருக்கு. ஒரு மாசமா ஐஸ்பெட்டியில ஒறைய வெச்சுச் சேத்துக்கிட்டே இருந்தேன். ஒரு கட்டைய எடுப்பேன், ஒண்ண வெப்பேன். முட்டி மரத்துப் போச்சு. கட்டைய எல்லாம் சாக்குல போட்டு இழுத்துட்டுப் போயி ஏரியில போட்டேன். ஒன்னி போன எடத்துல."

"சௌனாவை விட்டுட்டீங்க."

"எங்க அம்மா எங்க ரெண்டு பேரையும் அங்கதான் பெத்தா. ஏரியிலேர்ந்து எடுத்து அவனக் கடைசியாக் குளிப்பாட்டினதும் அங்கதான். அங்க எப்படிக் கை வெப்பேன்?"

பழிவாங்குவது சூடான சங்கதி என்று நினைக்கிறவர்கள் வடக்கே வாழ்ந்ததில்லை. இங்கே அதை உறைய வைத்துத்தான் பத்திரப்படுத்துகிறார்கள்.

"ஒங்க வீட்டுக்காரர் மேல பழி விழும்னு யோசிக்கலையாக்கா?" என்றாள் சிர்க்கா.

எல்மாவின் குரல் முதல் முறையாக உடைந்தது. "விழாதுன்னுதான் செஞ்சேன்! அஞ்சு மில்லி போடுன்னு ரேய்னோ கத்தினத ஊரே கேட்டுது. தளம் வெடிச்சா, ஒல்லிக் கம்பி கேட்டு வாங்கின கஞ்சப்பயன்னு எல்லாரும் அவனப் பாத்துச் சிரிப்பாங்க. அவன் இன்னொருத்தன் மேல பழி போட்டுத் தப்பிச்சான் இல்ல? இந்தத் தடவ பழி அவன் தலையிலயே விழும். தௌனோவுக்கு என்ன? சொன்னதச் செஞ்சான், அவ்வளவுதான். அப்படித்தான் கணக்குப் போட்டேன்." மூடிய கதவைப் பார்த்தாள். "இந்த மனுஷன் யாருகிட்டயும் சொல்லாம எட்டு மில்லி போட்டிருக்கான். என்கிட்டகூடச் சொல்லல. கம்பி மேல பூரா ஒறபனி, எனக்குத் தடிமன் தெரியல. கோர்ட்டு ஆளு துளை போட்டுட்டு எட்டுன்னு சொன்னான் பாருங்க, அன்னிக்கு நான் செத்தேன்."

"பிறகு எங்களை ஏன் கூப்பிட்டீங்க?"

"கெட்டிக்காரர்னு சொன்னாங்க. கெட்டிக்காரங்க எத வேணாலும் யார் கழுத்துல வேணாலும் கட்டிருவாங்கன்னு நெனச்சேன்."

"ரேய்னோ வீட்டுக்காக வருத்தமா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"அதுக்கா? ஒரு சொட்டுகூட இல்ல. அவன் கதவு இன்னும் நூறு வருஷம் தோளால முட்டினாத்தான் தொறக்கணும்." அவள் எழுந்து கோப்பையைத் தொட்டியில் வைத்தாள். "ஆனா இவன் செவுத்தப் பாத்துப் படுத்திருக்கறத என்னால பாக்க முடியல. திங்கக்கெழம நானே போய்ச் சொல்றேன்."

அப்போது படுக்கையறைக் கதவு திறந்தது.

தௌனோ நீள உள்ளாடையோடு நின்றார். கன்னம் உள்வாங்கி, தாடி வளர்ந்து, யாரோ போல இருந்தார். எவ்வளவு நேரம் கதவுக்குப் பின்னால் நின்றாரோ தெரியாது. மெல்ல வந்து எல்மா எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உருளையை இழுத்து, அந்தப் பூவின் மடிப்புகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். வேலைக்காரன் இன்னொருவன் வேலையைப் பார்க்கும் பார்வை அது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றார். பல வாரம் பேசாத குரல், மரம் அறுப்பது போல வந்தது.

"சொல்லியிருந்தா தடுத்திருப்ப."

தௌனோ உருளையை மெல்லத் தள்ளி வைத்தார். எல்மா தொட்டியருகே அசையாமல் நின்றாள். அந்த வீட்டில் அப்போது ஒரே ஒரு விஷயம்தான் தீர்மானமாக வேண்டியிருந்தது. அது நீதிமன்றத்தில் தீர்மானமாகிற விஷயம் இல்லை.

"இல்ல," என்றார் தௌனோ. "அஞ்சே போட்டிருப்பேன்."

திங்கட்கிழமை இருவரும் சேர்ந்தே நீதிமன்றத்துக்குப் போனார்கள். எல்மா எழுந்து நின்று தானாகவே எல்லாவற்றையும் சொன்னாள். ஏன் என்று கேட்டபோது ஒன்னியைப் பற்றியும் சொன்னாள். பின்வரிசையிலிருந்து ஆத்தோ எழுந்து, பையன் அன்று குடித்திருக்கவில்லை, நான் பார்த்தேன் என்றார். அதற்குள் ஒன்னியின் சாவுக்கு வழக்குப் போடச் சட்டத்தின் கெடு முடிந்துபோயிருந்தது. ரேய்னோ மேல் வழக்கு வரவில்லை. எல்மாவுக்கு நிறுத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. நஷ்டஈட்டைக் கட்ட அவர்கள் வீட்டை விற்றார்கள். தௌனோவின் உரிமம் அவரிடமே இருந்தது. இருவரும் எல்லை தாண்டி ஸ்வீடன் போனார்கள். அவர் லூலியோவில் வேலை செய்து ஓய்வு பெற்றார், அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் சமைத்தாள். சிர்க்கா அடுத்த வருடம் என்னை விட்டுப் போய்ச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்தாள். அவளுக்கு என்னைவிட அதிக வழக்குகள் வருகின்றன. ரேய்னோ தளத்தை உடைத்து மறுபடி போட ஊர்க்காரர்களைக் கூப்பிட்டான். ஒருவரும் போகவில்லை. வெடித்த வீட்டிலேயே ஆறு குளிர்காலம் இருந்து, ஏழாவதில் நுரையீரல் காய்ச்சல் வந்து செத்தான். ஆத்தோதான் குழி வெட்டினார். அது அவர் வேலை.